மின்னல் 1999-ல்... விபத்து 2002-ல்!

இடி இடித்தால் நாம் செய்கிற முதல் காரியம், ஓடிப்போய் டி.வி. பிளக்கைப் பிடுங்குவது. நடுவானில் ஹெலிகாப்டர் ஓட்டுகிறவர் பாவம், எந்தப் பிளக்கைப் பிடுங்குவார்?

1995 ஜனவரி 19. ஸ்காட்லாந்தின் அபெர்தீனிலிருந்து 18 பேரோடு வடகடல் எண்ணெய்க் கிணற்றுக்குக் கிளம்பியது ஒரு சூப்பர் பூமா. வழியில் பளீர்! வாலில் சுற்றுகிற குட்டி விசிறியைத் தாக்கியது மின்னல். வால் கிடுகிடுவென்று நடுங்க, சில நிமிஷத்தில் அந்த விசிறி போயே போச்சு. அது இல்லாவிட்டால் ஹெலிகாப்டர் பம்பரம்தான்! பைலட் நிதானமாகக் கொந்தளிக்கும் கடலில் இறக்கினார். ரப்பர் படகில் ஏறி 18 பேரும் தப்பினார்கள்.

பிளேடுக்கு என்ன ஆச்சு? இந்தக் காலத்து பிளேடுகளில் கார்பன் இழை, பிசின் எல்லாம் உண்டு. எடை குறைவு, பலம் அதிகம். ஆனால் உலோகம் மாதிரி மின்சாரத்தைச் சுலபமாகக் கடத்தாது. மின்னல் பாய்ந்தால் சூடேறி, பிசின் கருகி, அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். அதனால்தான் மேலே உலோகப் பட்டை, வலை எல்லாம் வைக்கிறார்கள். நம் வீட்டு பிளக் 5 ஆம்பியர். விமான பாகங்களைச் சோதிக்கும்போது பாய்ச்சுவது 2 லட்சம் ஆம்பியர் வரை!

இன்னொரு வேடிக்கை. பல சமயம் மின்னல் தேடி வந்து அடிப்பதில்லை. பறக்கும்போது சேர்கிற மின்னேற்றத்தோடு குளிர்ந்த மேகத்துக்குள் நுழைகிற ஹெலிகாப்டரே அதைக் கிளப்பிவிடுகிறது. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை!

அடுத்தது வேடிக்கை அல்ல. 1999-ல் எஸ்-76 ரக ஹெலிகாப்டர் ஒன்றின் பிளேடில் மின்னல் பாய்ந்தது. தயாரித்த கம்பெனிக்கே அனுப்பிச் சோதித்தார்கள். 'சரியாக இருக்கிறது' என்று திரும்பி வந்தது, மறுபடி பறந்தது. ஆனால் விளிம்புத் தகட்டில் தயாரிப்பிலேயே ஒரு குறை. அந்த இடத்தில் புகுந்த மின்னல், உள்ளே டைட்டானியம் தண்டில் கண்ணுக்குத் தெரியாத காயம் வைத்துவிட்டுப் போயிருந்தது. காயம் விரிசலாகி, மெல்ல மெல்ல வளர்ந்தது. 2002 ஜூலை 16 அன்று இங்கிலாந்தின் நார்ஃபோக் கரைக்கு அப்பால் பிளேடு முறிந்தது. இருந்த 11 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

பி.காம். படித்த எனக்குத் தெரிந்த விஞ்ஞானம் ஒன்றுதான். ஒரு பைசா உதைத்தாலும், ஆடிட்டர் நோட்டை மூட விடமாட்டார். 'வெளியே ஒண்ணும் தெரியலையே' என்பது அவரிடம் பதிலே இல்லை. மின்னல் பட்ட பிளேடுக்கும் அந்த ஆடிட்டர்தான் வேண்டும்!