சங்கரன்கோவிலுக்குப் போகிறவர்களுக்கு

மேலநீலிதநல்லூரை விட்டு வந்து வருஷங்கள் பலவாயினும், அப்பக்கம் யாத்திரை செல்வோர் என்னிடம் யோசனை கேட்பது நிற்கவில்லை. அருகிலுள்ள சங்கரன்கோவிலில் கோமதியம்மனைத் தரிசித்த கையோடு பஸ் ஏறிவிடாதீர்கள். நடுச் சந்நிதியில் சிவனும் திருமாலும் ஒரே திருமேனியாக நிற்கின்றனர். இருவருள் யார் பெரியவர் என்று சங்கன், பதுமன் என்னும் நாகராஜாக்கள் வாதிட, அம்மன் தவமிருந்து பெற்ற காட்சி அது என்பது ஐதீகம். ஆடித் தபசன்று ஜனசமுத்திரம். சாவகாசமாகப் பார்க்க வேறு நாளே உசிதம். புற்றுமண் பிரஸாதத்தை மறக்கவேண்டாம்.

மாமிசம் உண்போர் இவ்வூர் ஆட்டுக்கறிப் பிரியாணியை விடமாட்டார்கள், சொல்லவும் வேண்டுமா! கோடையில் ஓலைப் பட்டையில் பதநீர் கிடைத்தால் சோடாக் கடைப்பக்கம் திரும்பாதீர்கள்.

மறுநாள் வெயில் ஏறுமுன் கிழக்கே கழுகுமலைக்குச் செல்லுங்கள். அங்கே 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியச் சிற்பிகள் ஒரே பாறையில் குடைந்த வெட்டுவான் கோவில், சிகரம் முடிந்தும் அடிப்பாகம் முடியாமலே நிற்கிறது.