மாதம் 20 விழுக்காடு லாபமா? கணிப்பானை எடுங்கள்

"மாதம் 20 விழுக்காடு லாபம். முறையாகப் பதிவு பெற்ற நிறுவனம். இன்றே சேருங்கள்." இப்படி ஒரு செய்தி உங்கள் வீட்டுப் பெரியவர்களின் புலனத்துக்கும் வந்திருக்கும். நிபோங் திபால் வட்டாரத்தில் பைராம் தோட்டம் போன்ற இடங்களில் உழைத்து ஓய்வு பெறுபவர்களுக்கு, 55 வயதில் இ.பி.எஃப். சேமிப்பு கைக்கு வருகிறது. பலருக்கு அது வாழ்நாளில் ஒரே முறை பார்க்கும் பெருந்தொகை. மோசடிக்காரர்கள் கண் வைப்பதும் அதன்மீதுதான். செய்தி மெய்யா பொய்யா என்று பார்க்கும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. பங்கு வாங்குவதற்கு 18 வயதாக வேண்டும். தேடிப் பார்ப்பதற்கு வயது வரம்பில்லை.

இணையத்துக்குப் போகும் முன் ஒரு கணக்கு. மூன்றாம் படிவக் கணிதத்தில் கூட்டு வட்டி படிக்கிறோம் அல்லவா? 1,000 வெள்ளி மாதம் 20 விழுக்காடு வளர்கிறது, லாபத்தை எடுக்காமல் அதிலேயே போடுகிறோம் என்று வையுங்கள். ஒவ்வொரு மாதமும் 1.2-ஆல் பெருக்க வேண்டும். 12 மாதத்தில் 8,916 வெள்ளி. இரண்டு ஆண்டில் 79,497 வெள்ளி. ஐந்து ஆண்டில் 5 கோடியே 63 லட்சம். பத்து ஆண்டு போனால் 3 லட்சம் கோடி வெள்ளியையும் தாண்டிவிடும். மலேசியாவின் ஓராண்டு மொத்த உள்நாட்டு உற்பத்தியே 2 லட்சம் கோடி வெள்ளிக்கு அருகில்தான். ஒருவர் போட்ட 1,000 வெள்ளி ஒரு நாட்டையே விழுங்கிவிடும் என்று கணக்கு சொன்னால், தவறு கணக்கில் இல்லை.

ஒப்பிட இன்னோர் எண்: இ.பி.எஃப். 2024-ஆம் ஆண்டுக்கு அறிவித்த லாப ஈவு 6.30 விழுக்காடு. அது ஓர் ஆண்டு முழுவதற்கும் சேர்த்து. 72-ஐ விழுக்காட்டால் வகுத்தால் பணம் இரட்டிப்பாகும் காலம் ஏறத்தாழக் கிடைக்கும் என்பது பழைய குறுக்கு வழி. 72-ஐ 6.3-ஆல் வகுத்தால் சுமார் பதினொன்றரை ஆண்டு.

20 விழுக்காடு என்பது நான் கற்பனை செய்த எண் அன்று. பினாங்கைத் தளமாகக் கொண்டிருந்த ஜே.ஜே.பி.டி.ஆர். என்ற திட்டம் அதைத்தான் மாதந்தோறும் தருவதாகச் சொன்னது. அந்நியச் செலாவணி வணிகத்தில் வரும் லாபம் என்றது. 2017 ஏப்ரலில், கணக்குகளை யாரோ ஊடுருவிவிட்டார்கள் என்று கூறிப் பணம் தருவதை நிறுத்தியது. மே மாதம் அதன் நிறுவனர் கைதானார். இதில் கவனிக்க வேண்டியது: திட்டம் விழுவதற்கு முன்பே பேங்க் நெகாராவின் நிதிப் பயனீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியலில் அதன் பெயர் ஏறியிருந்தது. தேடியிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

"அத்தைக்கு மூன்று மாதம் ஒழுங்காகப் பணம் வந்ததே!" என்பார்கள். வரும். இத்தகைய திட்டங்களில் புதிதாகச் சேர்பவரின் பணம்தான் பழையவருக்கு லாபமாகப் போகிறது. ஆகவே பணம் வந்தது என்பது வணிகம் நடக்கிறது என்பதற்குச் சான்றாகாது.

பேங்க் நெகாராவைப் போலவே, மலேசியப் பங்குப் பத்திர ஆணையமும் (மலாயில் சுருஹான்ஜாயா செக்குரித்தி) ஓர் எச்சரிக்கைப் பட்டியல் வைத்திருக்கிறது. ஆனால் பட்டியலில் பெயர் இல்லை என்பதால் மட்டும் நல்ல நிறுவனம் என்று முடிவு கட்டக்கூடாது. நேற்றுத் தொடங்கிய மோசடி இன்று பட்டியலில் இருக்காது. அதனால் தேடலைத் திருப்பிப் போடுங்கள். அதே ஆணையத்தின் தளத்தில் உரிமம் பெற்றவர்களின் பதிவேடு இருக்கிறது. முதலீடு கேட்பவர் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும், செய்தியில் வந்த எண்ணை நம்பாமல் பதிவேட்டில் உள்ள விவரத்தைக் கொண்டே தொடர்பு கொள்ளுங்கள். உரிமம் பெற்ற நிறுவனத்தின் பெயரையே திருடி வைத்துக்கொள்பவர்களும் உண்டு.

"எஸ்.எஸ்.எம்.மில் பதிவு செய்திருக்கிறோம்" என்று சான்றிதழைக் காட்டினால் மயங்க வேண்டாம். அது பிறப்புப் பத்திரம் மாதிரி. பிறப்புப் பத்திரத்தைக் காட்டிப் பேருந்து ஓட்ட முடியுமா?

சரி, உண்மையான நிறுவனத்தின் கணக்கு எப்படி இருக்கும்? பைராம் தோட்டம் இருக்கும் அதே தென் செபராங் பிறை மாவட்டத்தில், பத்து காவானில் வைட்ரோக்ஸ் நிறுவனம் இருக்கிறது. மின்னணுப் பாகங்களில் உள்ள பழுதைக் கேமராவால் கண்டுபிடிக்கும் இயந்திரங்களைச் செய்கிறது. 2000-இல் தொடங்கி, 2005-இல் பங்குச் சந்தைக்கு வந்தது. புர்சா மலேசியா தளத்தில் 0097 என்ற எண்ணைப் போட்டால் அதன் அறிவிப்புகளையும் ஆண்டறிக்கைகளையும் காசில்லாமல் படிக்கலாம். சந்தையில் உள்ள இத்தகைய நிறுவனங்கள் காலாண்டு முடிந்த இரண்டு மாதத்துக்குள் கணக்கை வெளியிட வேண்டும் என்பது விதி. (அதன் பங்கை வாங்கச் சொல்லவில்லை, பக்கத்து ஊர் என்பதால் எடுத்துக்கொண்டேன்.)

அதன் ஆண்டு வருமானத்தை வரைபடத் தாளில் குறித்துப் பாருங்கள். கோடு நேராக ஏறாது. 2022-ஐவிட 2023-இல் வருமானம் இறங்கியிருக்கும். குறைகடத்தித் தொழிலில் உலகம் முழுக்கத் தேவை ஏறும், இறங்கும். அந்த அலை இங்கேயும் தெரிகிறது. ஆண்டறிக்கையில் லாபத்தோடு நின்றுவிடாமல், பணப் பாய்வு அறிக்கையையும் புரட்டுங்கள். லாபம் ஏறிக்கொண்டே போக, தொழிலிலிருந்து கைக்கு வரும் ரொக்கம் ஆண்டுக்கணக்கில் குறைந்தால், ஏன் என்று கேட்க வேண்டும்.

கோடு மேடுபள்ளம் இல்லாமல் ஏறினால்தான் சந்தேகம் வர வேண்டும். அமெரிக்காவில் பெர்னார்ட் மேடாஃப் என்பவர் காட்டிய லாபம் அப்படித்தான் வழுவழுப்பாக ஏறியது. ஹாரி மார்க்கோபோலஸ் என்ற நிதி ஆய்வாளர் அந்த எண்களைக் கணக்குப் போட்டுப் பார்த்து, இது நடக்காத காரியம் என்று 2000-ஆம் ஆண்டிலேயே அதிகாரிகளிடம் சொன்னார். அவர்கள் கேட்கவில்லை. 2008 டிசம்பரில்தான் மேடாஃப் கைதானார்.

கடைசியாக, பணம் அனுப்பச் சொல்லும் வங்கிக் கணக்கு. போலீஸ் படையின் 'செமாக் மியூல்' தளத்தில் கணக்கு எண்ணையோ தொலைபேசி எண்ணையோ போட்டால், அதன்மேல் புகார் வந்திருக்கிறதா என்று காட்டும். நிறுவனத்துக்கு முதலீடு என்று சொல்லிவிட்டுத் தனி ஆளின் பெயரில் கணக்கு எண் தந்தால், அங்கேயே நிறுத்திவிடலாம். பணம் ஏற்கெனவே போய்விட்டதா? உடனே 997-க்கு அழைக்கச் சொல்லுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்ததற்கு வேகமாகத் தாவிவிடும். மாமாவிடம் கேட்டுவிட்டு நாளைக்கு அழைக்கலாம் என்று இருந்தால், முடக்குவதற்கு அந்தக் கணக்கில் எதுவும் மிஞ்சியிருக்காது.