உபவாசமும் நீண்ட ஆயுளும்

கண்டி மாநகரிலும் அதன் சூழலிலும் வாழும் மக்கள் உணவொறுத்தலை நன்கறிந்தவர்கள். ஐப்பசி வளர்பிறையில் ஆறு நாளும் கந்தசஷ்டி நோற்கும் சைவருட் சிலர் பாலும் பழமும் மட்டுங் கொள்வர். சிலர் நீர் மாத்திரம் அருந்தி, ஏழாம் நாட் காலையிற் பாரணை செய்வர். போயா தினத்திற் சீலம் அனுட்டிக்கும் பௌத்தர்கள் நண்பகலின் பின் திண்ம உணவு கொள்வதில்லை. முஸ்லிம்கள் றமழான் மாதத்திற் பகல் முழுவதும் நீரும் அருந்துவதில்லை. இவற்றின் நோக்கம் புலனடக்கமும் அறநெறியுமேயாம். இக்காலத்திலோ, உபவாசம் உடலின் நஞ்சகற்றும், முதுமையைத் தடுக்கும், ஆயுளைப் பெருக்கும் என்னும் கூற்றுக்கள் பெருகியுள்ளன. அவற்றை விஞ்ஞானச் சான்றுகளோடு ஒப்பிட்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், உணவு நின்ற உடலில் நிகழ்வதை நோக்குவோம். ஈரல் ஏறத்தாழ 100 கிராம் கிளைக்கோசனைச் சேமித்து வைத்திருக்கிறது. அது குளுக்கோசாக மாறிக் குருதியிற் கலந்து மூளையைப் பேணும். ஏறக்குறைய ஒரு நாளில் அச்சேமிப்பு அருகிவிட, உடல் கொழுப்பையே பெரிதும் எரிபொருளாகக் கொள்ளத் தொடங்கும். உபவாசம் நீடிப்பின் தசைப் புரதமும் கரையும். கழிவுகளை அகற்றும் தொழிலையோ ஈரலும் சிறுநீரகங்களும் நாடோறும் ஆற்றுகின்றன. அதன்பொருட்டு உபவாசம் வேண்டற்பாலதன்று.

உயிர்க்கலங்கள் தம்முள் தேய்ந்த பகுதிகளைத் தாமே சிதைத்து மீளப் பயன்படுத்தும் முறையை யப்பானிய அறிஞர் யொசினோரி ஒசுமி மதுவத்தில் ஆராய்ந்து விளக்கினார். அதன்பொருட்டு 2016ஆம் ஆண்டு நோபல் பரிசும் பெற்றார். உணவு குன்றும்போது இச்செயல் மிகும் என்பது உண்மையே. எனினும், இத்தனை மணிநேரம் பட்டினி கிடந்தால் மனிதனுக்கு இத்தனை ஆண்டு கூடும் எனக் கணக்கிடுவதற்கு அவ்வாராய்ச்சி இடந்தரவில்லை.

ஆயுளைப் பற்றிய சான்று பெரும்பாலும் விலங்குகளிடமிருந்தே கிடைத்தது. 1935இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் மக்கேயும் அவர்தம் குழுவினரும் எலிகளின் உணவைக் குறைத்து, உயிர்ச்சத்துக்களும் கனியுப்புக்களும் குறையாது பேணினர். அவ்வெலிகள் நெடுங்காலம் வாழ்ந்தன. ஆயினும் அவற்றின் வளர்ச்சி குன்றியது. பின்னர் ஐக்கிய அமெரிக்காவில் றீசஸ் குரங்குகளைக் கொண்டு இரு நிலையங்கள் பரிசோதனை நடத்தின. குறைவாக உண்ட குரங்குகளில் முதுமை நோய்களால் நேரும் இறப்புக் குறைந்தது என விஸ்கொன்சின் குழு 2009இல் அறிவித்தது. ஆயுளில் வேறுபாடு காணப்படவில்லை எனத் தேசிய முதுமை ஆய்வு நிறுவனம் 2012இல் அறிவித்தது. இம்முரண்பாட்டின் காரணங்களுள் ஒன்று பெரிதும் சிந்திக்கற்பாலது. விஸ்கொன்சினில் ஒப்பீட்டிற்கென வைக்கப்பட்ட குரங்குகள் சர்க்கரை மிகுந்த உணவை வேண்டுமளவு உண்டன. மற்றைய நிலையத்திலோ அத்தகைய குரங்குகளுக்கும் உணவு அளந்தே இடப்பட்டது. எனவே, நன்மையில் ஒரு பகுதியேனும் மிகையுண்டி தவிர்த்தலால் விளைந்ததெனக் கொள்ளலாம்.

இனி மனிதரைக் கருதுவோம். பருமனற்ற 218 பேரிடம் ஈராண்டு நடத்தப்பெற்ற ஆய்வொன்றின் முடிபுகள் 2015இல் வெளியாயின. உணவின் கலோரியில் நூற்றுக்கு 25 பங்கு குறைக்க முயன்றும், அவர்களால் ஏறக்குறைய 12 பங்கே குறைக்க முடிந்தது. குருதியமுக்கமும் கொலஸ்திரோலும் சீர்பெற்றன. எலும்பின் அடர்த்தியோ சற்றே குறைந்தது. சீனத்தின் குவாங்சோ நகரிற் பருத்த உடலினர் 139 பேரை ஓராண்டு ஆராய்ந்து 2022இல் வெளியிட்ட முடிபு நம் சீல அனுட்டானத்தை நினைவூட்டுவது. காலை எட்டு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் இடையில் மட்டும் அளவாக உண்டோர், நேரவரையறையின்றி அதே அளவு உண்டோரிலும் பார்க்கக் குறிப்பிடத்தக்க மேலதிகப் பயன் எதனையும் பெறவில்லை. உண்ணும் நேரத்தினும் உண்ணும் அளவே பயன் தந்தது என்க. மேலும், இவையாவும் எடையையும் குருதியையும் அளந்த ஆய்வுகளேயன்றி, மனிதன் ஆயுளை அளந்தவையல்ல.

ஒருவர்க்கு நன்மையாவது பிறிதொருவர்க்குத் தீமையாதலும் உண்டு. நகரில் இருந்த இடத்திற் பணிசெய்து எடை மிகுந்தவர் உணவைக் குறைத்தல் நன்று. ஹந்தானைச் சரிவுகளில் நாள் முழுதும் கொழுந்து பறிக்கும், குருதிச்சோகையுற்ற தாய்க்கு அதே அறிவுரை கேடாகும். இன்சுலின் ஏற்றும் நீரிழிவாளர் உண்ணாதிருப்பின் குருதியிற் குளுக்கோசு திடீரெனத் தாழ்ந்து மயக்கமும் உயிராபத்தும் நேரலாம். சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் றமழான் நோன்பாளருக்கென வெளியிட்ட வழிகாட்டி, நோயாளரை அவரவர் ஆபத்து நிலைக்கேற்ப வகுத்து, குருதிக் குளுக்கோசு டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமிற் குறைந்தால் நோன்பை உடனே முடிக்குமாறு பணிக்கின்றது. கந்தசஷ்டி நோற்கும் நம்மவரும் அதனைக் கைக்கொள்ளல் தகும். விரதத்திற்கு முன்னரே வைத்தியரைக் கலந்து மருந்தின் அளவை ஒழுங்குசெய்தல் பக்திக்கு இழுக்கன்று.

முன் உண்டது செரித்த பின் அளவறிந்து உண்பதே உடலை நெடிது பேணும் வழியெனத் திருக்குறளின் மருந்து அதிகாரம் கூறுகின்றது. அங்கு பட்டினி போற்றப்படவில்லை, அளவே போற்றப்படுகின்றது. எலியும் குரங்கும் மனிதரும் தந்த சான்றுகளும் அப்பக்கமே சாய்கின்றன. விரதத்தின் பெருமை மனத்தை வெல்வதில் உள்ளது. நிறுவப்படாத ஆயுட்கணக்கை அதன்மேல் ஏற்றுவது விரதத்திற்கும் பெருமையன்று, விஞ்ஞானத்திற்கும் பெருமையன்று.