செய்தியில் 3 டிகிரி, செடிக்குப் பூஜ்ஜியம்: உறைபனியில் விவசாயி அறிய வேண்டியவை

டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஊட்டியின் குறைந்தபட்ச வெப்பநிலை 3 டிகிரி என்று செய்தி வரும் காலையிலும், தலைகுந்தா புல்வெளி வெள்ளை பூத்துக் கிடக்கலாம். செய்தி தவறில்லை. வானிலை நிலையத்தின் வெப்பமானி ஏறத்தாழ நாலடி உயரத்தில், காற்றோட்டமுள்ள பெட்டிக்குள் இருந்து காற்றை அளக்கிறது. கேரட்டும் உருளைக்கிழங்கும் தரையில் நிற்கின்றன. தெளிந்த, காற்றசையாத இரவில் தரைமட்டம் அந்த அளவைவிட 3 முதல் 5 டிகிரி வரை கூடுதலாகக் குளிர்ந்துவிடும்.

ஏன் இப்படி?

பகலில் வாங்கிய வெப்பத்தைத் தரை இரவு முழுக்க வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கிறது. மேகம் இருந்தால் போர்வைபோல் அதில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும். காற்று வீசினால் மேலிருக்கும் வெதுவெதுப்பு கீழே கலக்கும். இரண்டும் இல்லாத இரவுதான் ஆபத்து. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. மேட்டுத் தேயிலை தப்பிக்க, ஓடையோரத் தேயிலை மட்டும் கருகுவது இதனால்தான்.

எச்சரிக்கையை எப்படிப் படிப்பது?

‘நீலகிரி மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் உறைபனி ஏற்பட வாய்ப்பு’ என்று சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் அறிவிக்கும். அந்த ஓரிரு இடங்களில் உங்கள் தோட்டமும் உண்டா என்பதை நீங்கள்தான் கணிக்க வேண்டும். மாலையில் வானம் தெளிவு, காற்று அசைவில்லை, ஈரப்பதம் குறைவு, நிலம் பள்ளம் என நான்கும் சேர்ந்தால் அன்றிரவே தயாராகுங்கள். வானிலைத் துறையின் ‘மேக்தூத்’ செயலி இலவசம். தமிழிலும் வேளாண் ஆலோசனை தருகிறது. சந்தேகங்களுக்கு கிசான் அழைப்பு மையம்: 1800-180-1551.

அன்று மாலை என்ன செய்யலாம்?

காய்ந்த மண்ணைவிட ஈரமண் பகல் வெப்பத்தை அதிகம் சேமிக்கும். அதனால் பகலிலேயே நீர் பாய்ச்சுங்கள். இளந்தேயிலையையும் நாற்றுகளையும் பெரணித் தழையாலோ நிழல்வலையாலோ மூடுங்கள். இரவில் ஸ்பிரிங்ளரை ஓடவிட்டால் பனி உருகும்வரை நிறுத்தக் கூடாது. பாதியில் நிறுத்தினால் சேதம் கூடும்.

சாலையில்

பாலங்கள் மேலும் கீழும் வெப்பத்தை இழப்பதால் மற்ற சாலைக்கு முன்பே உறைகின்றன. வெயில் படாத வளைவுகளில் பனி நெடுநேரம் நிற்கும். அதிகாலையில் செல்வோர் அங்கே வேகத்தைக் குறையுங்கள், திடீர் பிரேக் பிடிக்காதீர்கள். பிரிட்டனில் சாலைப் பரப்பின் வெப்பநிலையைத் தனியே முன்கணித்து, உறைவதற்கு முன்பே உப்புத் தூவுகிறார்கள். இயன்றவரை பனியால் பயணத்துக்கு ஆபத்து வராமல் காப்பது சாலை அதிகாரிகளின் கடமை என்று இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளுக்கான சட்டமே சொல்கிறது.

பயிர் கருகிவிட்டால்

மத்திய அரசின் பேரிடர் நிவாரணப் பட்டியலில் உறைபனியும் உண்டு. 2022 முதல் 2026 வரையிலான விதிகளின்படி, 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமானால் ஹெக்டேருக்கு மானாவாரிக்கு 8,500 ரூபாய், பாசனப் பயிருக்கு 17,000, பல்லாண்டுப் பயிருக்கு 22,500 எனக் கணக்கிடப்படும். உச்சவரம்பு 2 ஹெக்டேர். எனவே அன்றே படம் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமும் தோட்டக்கலை அலுவலரிடமும் எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கருகிய செடிகளை ஆய்வுக்கு முன் பிடுங்காதீர்கள்.

பயிர்க் காப்பீட்டில் ஒரு நுணுக்கம் உண்டு. 72 மணி நேரத்துக்குள் தெரிவித்துத் தனி வயலுக்கு இழப்பீடு கேட்கும் முறை ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு போன்றவற்றுக்கானது. உறைபனி அதில் இல்லை. பகுதி முழுவதுக்குமான கணக்கே பொருந்தும். உங்கள் பயிரும் பகுதியும் அறிவிக்கையில் இருக்கின்றனவா என்பதைப் பிரீமியம் கட்டுமுன் பயிர்க் காப்பீட்டு உதவி எண் 14447-இல் கேளுங்கள். மனுவுக்குப் பதில் வராவிட்டால் ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டமும், 30 நாளில் பதில் தர வேண்டிய தகவல் உரிமைச் சட்டமும் இருக்கின்றன.

புல்மட்டக் குறைந்தபட்ச வெப்பநிலையை அளக்கத் தனி வெப்பமானி உண்டு. வேளாண் வானிலை நிலையங்களில் அது புழக்கத்தில் இருப்பதுதான். அந்த எண்ணையும் தினச்செய்தியில் சேர்த்து வெளியிடும்படி விவசாயிகள் கூட்டத்தில் கேளுங்கள். பள்ளத்து நிலக்காரருக்கு அதுதான் உண்மையான எச்சரிக்கை.