ராத்திரி ஓடும் ஜாப்கள் – 9: கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு

நள்ளிரவுக்கு மேல் ஓடிய லோடு ஜாப் பாதியில் நின்றிருக்கிறது. லாகைத் திறந்தால், லுக்கப்பில் ஒரு வரிசைக்குப் பொருத்தம் கிடைக்கவில்லை என்று ஒற்றை வரி. மைக்ரோசாஃப்ட்டின் எஸ்எஸ்ஐஎஸ்ஸில் வேலை பார்ப்பவர்களுக்கு அந்த வரி மனப்பாடம். எந்த வரிசை, எந்த மதிப்பு என்பது மட்டும் அதில் இருக்காது.

லுக்கப் செய்யும் வேலை எளிதுதான். விற்பனைக் கோப்பில் ‘சி1042’ (C1042) என்று ஒரு வாடிக்கையாளர் குறியீடு வருகிறது. அதை வாடிக்கையாளர் டேபிளில் தேடி, வேர்ஹவுஸ் அவருக்குக் கொடுத்திருக்கும் உள் எண்ணை எடுத்துவர வேண்டும். கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதை ஜாப் எழுதுபவர் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். சொல்லாமல் விட்டால் எஸ்எஸ்ஐஎஸ் அங்கேயே நின்றுவிடும். 2005 பதிப்பில் பொருந்தாத வரிசையைப் பிழைக் கணக்கில்தான் சேர்த்தார்கள். 2008 பதிப்பில்தான் அத்தகைய வரிசைகள் வெளியேறத் தனி வழி வந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ரிப்போர்ட் வேண்டும் என்ற அவசரத்தில் பலர் செய்வது, ‘கண்டுகொள்ளாதே’ என்ற ஆப்ஷனைத் தேர்ந்தெடுப்பது. ஜாப் ஓடிவிடும், பச்சை விளக்கும் எரியும். ஆனால் பொருந்தாத விற்பனைகளெல்லாம் உள் எண் இருக்க வேண்டிய இடத்தில் ‘நல்’ (NULL) மதிப்போடு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். வாடிக்கையாளர் வாரியாகக் கணக்கு எடுக்கும்போது அவை கூட்டுத்தொகையிலிருந்து நழுவிவிடும். மாதக் கடைசியில் கணக்குப் பிரிவுக்காரர் ஏன் உதைக்கிறது என்று கேட்கும்போது, எந்த இரவில் தொடங்கியது என்றே சொல்ல முடியாது. நின்றுபோன ஜாப்பைக் காலைக்குள் சரிசெய்துவிடலாம். தப்பான எண்ணோடு ஓடி முடித்த ஜாப்பைக் கண்டுபிடிக்கவே மாதங்கள் ஆகும். எனவே அந்த ஆப்ஷனைத் தொடாதீர்கள். பொருந்தாத வரிசைகளைத் தனி டேபிளுக்குத் திருப்பிவிடுங்கள். அவற்றில் ஒன்றை எடுத்து, கிட்டத்தில் வைத்துப் பாருங்கள்.

அப்படிப் பார்க்கும்போதுதான் பெரிய குழப்பம் வருகிறது. அதே ‘சி1042’ஐ எஸ்க்யூஎல் சர்வரில் நேரடியாகத் தேடினால் கிடைக்கிறது! டேபிளில் இருக்கிறது, ஆனால் லுக்கப் இல்லை என்கிறது. இரண்டுமே தங்கள் விதிப்படி சரியாகத்தான் சொல்கின்றன.

லுக்கப்பை முழு கேச் முறையில் வைத்திருந்தால், எஸ்எஸ்ஐஎஸ் அந்த டேபிளை மொத்தமாகத் தன் நினைவகத்துக்குக் கொண்டுவந்து தானே ஒப்பிடுகிறது. அங்கே ஆங்கிலப் பெரிய எழுத்து வேறு, சின்ன எழுத்து வேறு. கடைசியில் ஒட்டியிருக்கும் இடைவெளியும் ஓர் எழுத்துதான். எஸ்க்யூஎல் சர்வரோ, வழக்கமாக நிறுவப்படும் கொலேஷனில், பெரிசு சின்னதைப் பார்ப்பதில்லை. வால் இடைவெளியைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. நல் மதிப்பில் நிலைமை தலைகீழ். முழு கேச்சில் நல்லும் நல்லும் பொருந்தும். கேச் இல்லாத முறையில் ஒப்பிடுவது டேட்டாபேஸ் என்பதால் பொருந்தாது. கேச் முறையை மாற்றியதும் பிழை மறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால், காரணம் பெரும்பாலும் இதுதான்.

இடைவெளியைப் பிடிக்க நீளத்தைப் பார்க்க வேண்டும். இதில் எஸ்க்யூஎல் சர்வரின் லென் ஃபங்ஷனை நம்பாதீர்கள். வால் இடைவெளியை அது எண்ணாது. டேட்டாலெங்த் எண்ணும். என்வார்கார் நெடுவரிசையில் ‘சி1042’ 10 பைட் இருக்க வேண்டும். 12 வந்தால் கண்ணுக்குத் தெரியாத ஒன்று கூட இருக்கிறது. அது சாதாரண இடைவெளியானால் டிரிம் செய்தால் போய்விடும். வெப் பக்கத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வரும் 160 எண் கொண்ட ‘உடையாத இடைவெளி’ அப்படிப் போகாது. அதைத் தனியாக ரீப்ளேஸ் செய்ய வேண்டும்.

எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் பெரிய எழுத்தாக்கிவிட்டால் தீர்ந்தது என்பார்கள். பெரும்பாலும் தீரும். ஆனால் சேல்ஸ்ஃபோர்ஸின் 15 எழுத்து ஐடியில் பெரிசும் சின்னதும் வேறு வேறு ரெக்கார்டுகள். அங்கே இந்த வைத்தியம் செய்தால் ஒருவரின் ஆர்டர் இன்னொருவர் தலையில் விழும். அதற்கு 18 எழுத்து ஐடியைக் கேட்டு வாங்குங்கள்.

நம் ஊர் டேட்டாவுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ‘கொடுமுடி’ என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் முதல் எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் வைக்கலாம். திரையில் எந்த வித்தியாசமும் தெரியாது. பைட் பைட்டாக ஒப்பிடும் லுக்கப்புக்கு அவை இரண்டு ஊர்கள். என்எஃப்சி என்ற நார்மலைசேஷனை இரு பக்கமும் ஓட்டினால் இது சரியாகிவிடும்.

‘கௌரி’ அப்படிச் சரியாகாது. பலர் கொம்பு போட்டுப் பக்கத்தில் ளகரத்தைத் தட்டி ‘கெளரி’ என்று அடித்திருப்பார்கள். அது யூனிகோடு விதிப்படி முறையான வேறொரு சொல். நார்மலைசேஷன் அதைத் தொடாது. ‘ஸ்ரீ’யிலும் இதே கதை. 2005-ல் யூனிகோடு 4.1 ‘ஶ’ எழுத்தைச் சேர்த்த பிறகு அதை வைத்தும் ஸ்ரீ எழுதலாம், பழையபடி ‘ஸ’ வைத்தும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். ஸ்ரீரங்கமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் வராத முகவரிப் பட்டியல் தமிழ்நாட்டில் ஏது? இதற்கெல்லாம் நாமே மாற்று விதி எழுதித்தான் ஆக வேண்டும். இன்னும் நல்லது, பெயரை வைத்து லுக்கப் செய்யாமல் குறியீட்டு எண்ணை வைத்துச் செய்வது.

எண்ணும் எக்செல் வழியாக வந்தால் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். பாஸ்டன் நகரின் 02108 என்ற ஜிப் கோடு அதில் 2108 ஆகிவிடும். 15 இலக்கத்துக்கு மேல் அது வைத்துக்கொள்ளாது என்பதால் 16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். அதற்குப் பிறகு எந்த டிரிம்மும் உதவாது. மூலக் கோப்பை டெக்ஸ்டாகத் திரும்பக் கேட்பதுதான் வழி.

பொருத்தம் கிடைக்காதது ஒரு நோய் என்றால், இரண்டு கிடைப்பது அதைவிடப் பெரிய நோய். வாடிக்கையாளர் டேபிளில் ‘சி1042’ இரண்டு முறை இருந்தால் எஸ்எஸ்ஐஎஸ் முதலில் கண்டதை எடுத்துக்கொள்ளும். முழு கேச்சில் ஒரு எச்சரிக்கை வரும், ஆனால் ஜாப் நிற்காது. டேலண்டின் டிமேப்போ, நாம் மாற்றாதவரை, கடைசியாகக் கண்டதை எடுக்கும். ஒரே டேட்டா, இரண்டு கருவிகள், இரண்டு விடைகள். லுக்கப் தொடங்குமுன் குறியீடு வாரியாக எண்ணிப் பார்த்து, ஒன்றுக்கு மேல் இருந்தால் ஜாப்பையே நிறுத்தும் ஒரு சோதனையை வைத்துவிடுங்கள். சிறிய க்வெரிதான், எழுத ஐந்து நிமிடம் போதும்.

இத்தனையும் செய்த பிறகும் தனி டேபிளில் சில வரிசைகள் மிஞ்சும். அவற்றில் எழுத்துப் பிழை, இடைவெளி எதுவும் இருக்காது. விற்பனை இன்றைக்கு வந்துவிட்டது, வாடிக்கையாளர் பதிவு நாளைக்குத்தான் வரும், அவ்வளவுதான். வேர்ஹவுஸ் வடிவமைப்பில் பெரிய பெயரான ரால்ஃப் கிம்பால் இவற்றுக்கு ஒரு வழி சொல்லியிருக்கிறார். வராத வாடிக்கையாளருக்கு ஒரு தற்காலிக வரிசை போட்டு உள் எண் கொடுத்துவிட்டு, ஆள் வந்ததும் விவரங்களை நிரப்பும் அந்த முறையை அடுத்த வாரம் ஒரு ஜாப்பிலேயே கட்டிப் பார்ப்போம்.

(தொடரும்)