தேங்காய் நிமிர்ந்தால் தண்ணி உண்டா?

கோவில்பட்டிப் பக்கம் போர் போடத் திருச்செங்கோட்டு வண்டி வருவதற்கு முன்பே நீரோட்டம் பார்க்கிறவர் வந்துவிடுவார். வண்டி பிடித்துக் கொடுக்கிற ஏஜென்ட் நான். நீரோட்டக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு, பருத்திமார் பிடுங்கிய காட்டில் குறுக்கும் நெடுக்குமாக நடப்பார். ஓரிடத்தில் தேங்காய் எழுந்து நிற்கும். அங்கே கல்லை நட்டு மஞ்சள் பூசுவார்கள்.

அவர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல மாட்டேன். தேங்காய் நிஜமாகவே எழுகிறது. எழுப்புவது அவர் கை; அது அவருக்கே தெரியாது. மனசு எதிர்பார்ப்பதைத் தசை தானாகச் செய்துவிடும் என்று வில்லியம் கார்ப்பெண்டர் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1852-லேயே விளக்கியிருக்கிறார்.

சரி, தண்ணியும் வருகிறதே? கரிசலுக்குக் கீழே சுக்கான், அதற்கும் கீழே சிதைந்த பாறை, அப்புறம் கெட்டிப் பாறை. சிதைந்த பாறையில் பல இடங்களில் கொஞ்சமாவது ஈரம் ஊறிக் கிடக்கும். நிலைத்த தண்ணிக்குக் கெட்டிப் பாறையில் வெடிப்பு, அதாவது ‘கேப்’ மாட்ட வேண்டும். மாட்டினால் பறக்கிற தூள் சட்டென்று சேறாகிப் பீய்ச்சும், ‘ரெண்டு இஞ்ச்!’ என்று வண்டிக்காரப் பையன் கத்துவான். மாட்டாவிட்டால் கடைசி வரை புகைதான். ரெண்டு இஞ்ச் கண்டவர் பத்து ஊருக்குச் சொல்வார். புகை கண்டவரோ கடன் வாங்கியது வெளியே தெரியாமல் குழியை மூடிவிட்டு வாய் திறக்க மாட்டார். நீரோட்டக்காரர் பேர் வளர்வது அந்த மௌனத்தில்தான்.

ஜெர்மனியில் மியூனிக் அருகே 1987-88-இல் நீரோட்டம் பார்க்கிற திறமையைச் சோதித்தார்கள். ஒரு களஞ்சியத்தின் கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாயை இடம் மாற்றி மாற்றி வைத்தார்கள். மாடியில் நின்று அது எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். சுமார் 500 பேரிலிருந்து பொறுக்கிய 43 பேர், 843 சோதனைகள். சிலருக்குத் திறமை உண்டு என்றுதான் நடத்தியவர்கள் அறிவித்தார்கள். அதே கணக்கை மறுபடி அலசிய ஜிம் என்ரைட் என்ற அமெரிக்க விஞ்ஞானி, குருட்டாம்போக்கில் கைகாட்டியதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை என்று காட்டினார்.

நிலத்தின் மின்தடை பார்க்கிற ஜியாலஜிஸ்ட் மட்டும் என்ன? கம்பிகளை அடித்துக் கரண்ட் விடுவார். ஈரப் பாறையில் கரண்ட் லேசாக ஓடும். உப்புத்தண்ணியிலும் களிமண்ணிலும்கூட அப்படித்தான். கரிசலே களிமண்தான். ஆகவே அவருக்கும் தப்பும். ஆனால் எத்தனை அடியில் என்ன இருக்கும் என்று முன்கூட்டியே தாளில் எழுதித் தருகிறார். வண்டி ஓடும்போது அடிக்கு அடி ஒத்துப் பார்க்கலாம், சட்டையைப் பிடித்தும் கேட்கலாம். கோவில்பட்டியில் 1901-இல் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையத்திலும் அப்படித்தான்: விளைந்த ரகத்தோடு பொய்த்த ரகமும் கணக்கில் ஏறும்.

நகையை அடகு வைத்தவன் எங்கே குத்துவது என்று தானாக முடிவெடுக்கப் பயப்படுவான். அந்தத் தைரியத்தைத் தேங்காய் கொடுக்கிறது. அதை நான் கேலி பண்ணுவதில்லை. ஆனாலும் நீரோட்டம் பார்க்கிற ஒரு பெரியவரிடம் கேட்டுவிட்டேன்: “கல்லை எடுத்துட்டு, உங்க கண்ணைக் கட்டி விட்டா, அதே இடத்துல திரும்ப நிப்பீங்களா?”

“கண்ணைக் கட்டுனா வராதுப்பா. நம்புறவனுக்குத்தான் வரும்.”

பக்கத்தில் நின்ற காட்டுக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “அது கிடக்கட்டும் அண்ணாச்சி, வண்டிக்கு அட்வான்ஸ் எவ்வளவு?”