முகிலில் ஓடும் கணனியும் குளத்து நீரின் கணக்கும்

ஒரு குளத்தில் எந்த மாதம் வரை தண்ணீர் நிற்கும் என்று கேட்டால், அதன் கீழ் வயல் செய்தவர் உடனே பதில் சொல்வார். உலகிலுள்ள எல்லாக் குளங்களையும் ஏரிகளையும் ஆறுகளையும் பற்றி அதே கேள்வியைக் கேட்டால் யார் பதில் சொல்வது? ஐரோப்பிய ஆணைக்குழுவின் கூட்டு ஆராய்ச்சி நிலையம் அந்த வேலையைச் செய்து, 2016 டிசெம்பரில் 'நேச்சர்' விஞ்ஞான சஞ்சிகையில் முடிவை வெளியிட்டது. காணியை விட்டு வந்தவர்களாகிய நமக்கு அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

அமெரிக்காவின் லான்ட்சற் செய்மதிகள் 1972 முதல் பூமியைப் படம் பிடித்து வருகின்றன. 2008 முதல் அந்தப் படங்களை எவரும் இலவசமாகப் பெறலாம். படம் சிறு சிறு சதுரங்களால் ஆனது. இந்த ஆய்வில் ஒரு சதுரம் நிலத்தில் 30 மீற்றர் நீளம், 30 மீற்றர் அகலம். நமது கணக்கில் ஏறத்தாழ மூன்றரைப் பரப்பு. தண்ணீர் அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சிவிடுவதால், அந்த ஒளியில் எடுத்த படத்தில் கறுப்பாகத் தெரியும். இதைக் கொண்டே கணனி தண்ணீரையும் நிலத்தையும் பிரித்தறிகிறது.

1984 முதல் 2015 வரையான 30 இலட்சம் படங்களை இவ்வாறு பார்க்க வேண்டியிருந்தது. தேவைப்பட்ட கணனி நேரம் ஒரு கோடி மணித்தியாலத்துக்கு மேல். சாதாரண கணனி ஒன்று இரவு பகலாக ஓடினாலும் ஏறத்தாழ 600 வருடம் பிடிக்கும்.

இங்கேதான் 'முகில்' உதவியது. பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். அது ஆகாயத்தில் இல்லை. பெரிய கட்டடங்களில் அடுக்கிய பல்லாயிரம் கணனிகளே அது. ஒருவர் தனியே அருவி வெட்டினால் கதிர் கொட்டிப் போகும். ஊரே இறங்கிப் பங்கு பங்காக வெட்டினால் வயல் ஒரு நாளில் முடியும். அதுபோலப் படங்களைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு கணனிக்கும் ஒரு துண்டைக் கொடுத்தார்கள். படங்களும் கணனிகளும் ஒரே இடத்தில் இருப்பதால், நாம் அனுப்புவது கேள்வியை மட்டும். திரும்பி வருவது விடை மட்டும். ஆகவே சாதாரண கணனியும் இணைய வசதியும் உள்ள மாணவர்கூட இந்த வேலையைச் செய்யலாம்.

கிடைத்த விடை பாரதூரமானது. நிரந்தரமாகத் தண்ணீர் நின்ற ஏறத்தாழ 90,000 சதுர கிலோமீற்றர் அந்தக் காலத்தில் வற்றிவிட்டது. அது இலங்கை முழுவதிலும் பெரிது. அந்த இழப்பில் 70 வீதத்துக்கு மேல் மத்திய கிழக்கிலும் மத்திய ஆசியாவிலும் நேர்ந்தது. பருத்திச் செய்கைக்காக ஆறுகளைத் திருப்பியதால் வற்றிய ஆரல் கடலும் அதில் அடங்கும். வேறு இடங்களில் 184,000 சதுர கிலோமீற்றரில் புதிதாகத் தண்ணீர் நின்றது. பெரும்பாலும் அணைகள் கட்டியதால்.

ஆனால் இந்தப் படத்துக்கும் குறை உண்டு. மூன்றரைப் பரப்பிலும் சிறிய கேணியும் கிணறும் அதற்குத் தெரியாது. மாரியில் மெய்யான முகில் மறைத்துவிடும். தாமரையும் சம்பும் மூடிய தண்ணீரையும் தவறவிடும். முற்பட்ட வருடங்களுக்குப் பல இடங்களில் படங்கள் குறைவு. இன்னொன்று: கணனிகள் கம்பனி ஒன்றின் கையில் இருக்கின்றன. ஆராய்ச்சிக்கும் இலாப நோக்கமற்ற வேலைக்கும் இலவசம். ஆனாலும் விதியை வகுப்பது நாமல்ல.

எல்லாவற்றுக்கும் மேலாக, குளத்தின் பெயரும், எந்த வாய்க்கால் யாருடைய வயலுக்குப் பாய்ந்தது என்பதும் எந்தச் செய்மதிக்கும் தெரியாது. அவை நமது பெரியவர்களின் நினைவில் உள்ளன. ஆகவே இப்போதே ஒரு கொப்பியில் எழுதி வைப்போம்: குளத்தின் பெயர், துருசு இருந்த இடம், அலைகரை எதுவரை, எந்த மாதம் வற்றும், யார் யார் வயல் செய்தார்கள். பின்னர் படிக்கின்ற பிள்ளைகளைக் கொண்டு அந்த இடத்தை வரைபடத்தில் தேடுவோம். கொப்பியும் படமும் ஒத்துப்போனால், திருத்த வேலை பற்றிப் பேசும் நாளில் நமது சொல்லுக்குப் பலம் இருக்கும். ஒத்துப்போகாத இடத்தில், ஏன் என்று கேட்கவாவது நமக்கு ஓர் ஆதாரம் இருக்கும்.